புல்லின் பருவமும் இடமும்: புதிய ஊரில் மாடு வளர்ப்போர் அறிய வேண்டியவை

"உங்கள் ஊரில் மாட்டுக்குப் புல் இருக்கிறதா?" என்று கேட்டால், "மாரியில் தாராளம், கோடையில் தட்டுப்பாடு" என்ற மறுமொழி உடனே வரும். அது பிழையான மறுமொழி அல்ல. ஆனால் மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது போதாது. எந்த மாதத்தில், எந்த நிலத்தில், எவ்வளவு நாளைக்குப் புல் நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சொந்த ஊரில் இதை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஆனியில் குளத்தின் அலைகரைக்கு, ஐப்பசியில் மேட்டுக் காட்டுக்கு, மாசியில் அரிவு வெட்டிய வயலுக்கு என்று பெரியவர்கள் மாட்டைச் சாய்த்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் பின்னால் போய்ப் பழகினார்கள். இடம்பெயர்ந்தபோது வீடும் காணியும் கைவிட்டுப் போனதுபோல இந்த அறிவும் பயனற்றுப் போயிற்று. ஏனெனில் அது அந்த ஊரின் நிலத்துக்குரிய அறிவு. புதிய இடத்தில் மண் வேறு, மழை வேறு, அயலவர் வேறு. தை மாதத்தில் பச்சைப் பசேலென்று கிடக்கும் வெளியைப் பார்த்து நம்பிக்கையோடு மாடு வாங்கிய குடும்பம், ஆவணியில் அதே மாட்டை அரை விலைக்கு விற்க நேர்வது இதனாலேயே.

புல் ஏன் காலத்துக்குக் காலம், இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்பதையும், அதற்கேற்ப நாம் என்ன செய்யலாம் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

புல் வளர வேண்டியவை

புல் வளர நீர், வெப்பம், மண்ணின் உரம் ஆகிய மூன்றும் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் வெப்பத்துக்குக் குறைவில்லை. ஆண்டு முழுவதும் புல் வளரக்கூடிய சூடு உண்டு. குறைவது நீர்தான். எனவே நமது பகுதிகளில் புல்லின் நாட்காட்டி என்பது மழையின் நாட்காட்டியே. மலைநாட்டில் நிலைமை வேறு. நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களில் ஈரம் இருந்தாலும், தை, மாசி மாதக் குளிர் இரவுகளில் புல் மெதுவாகவே வளரும்.

கண்ணுக்குப் புல் தெரிகிறது என்பதற்காக மாட்டுக்கு உணவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. மழை பெய்து நாலைந்து வாரத்தில் நிற்கும் இளம் புல்லில் புரதம் நூற்றுக்கு 10 முதல் 12 பங்கு வரை இருக்கும். அதே புல் பூத்து, விதைத்து, முற்றிக் காய்ந்தபின் புரதம் 4 அல்லது 5 பங்காக இறங்கிவிடும். மாட்டின் பெரிய இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே புல்லைச் சமிக்க வைக்கின்றன. தீனியில் புரதம் 7 பங்குக்குக் கீழே போனால் அந்த நுண்ணுயிர்களால் நன்றாக வேலை செய்ய முடியாது. தின்றது சமிக்காமல் வயிற்றில் தங்கும். மாடு மேலும் தின்னாது. இடுப்பளவு காய்ந்த புல்லின் நடுவே நின்றுகொண்டே மாடு மெலிவது இதனாலேயே.

புல்லின் உயிர் அதன் அடியிலும் வேரிலும் இருக்கிறது. இலையை மாடு கடித்தபின், அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த உணவைக் கொண்டே புல் மறுபடி தளிர்க்கும். ஒரே இடத்தில் நாள்தோறும் மாட்டைக் கட்டி, நிலத்தோடு ஒட்டக் கடிக்கவிட்டால் அந்தச் சேமிப்பு தீர்ந்துவிடும். அடுத்த மழைக்கு அந்த இடத்தில் நல்ல புல் எழாது. மாடு தின்னாத செடிகளும் பார்த்தீனியமும் பரவும். குறைந்தது நாலு விரல் உயரம் மிஞ்சும்போதே மாட்டை இடம் மாற்றிக் கட்ட வேண்டும்.

வரண்ட பகுதியில் ஓர் ஆண்டு

நமது பகுதிகளில் ஆண்டு மழையின் பெரும் பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் விழுகிறது. யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களில் மட்டும் ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிடுகிறது. பங்குனி, சித்திரையில் சிறு மழை ஒன்று வரும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று வீசும். அது தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வரண்ட காற்றாகவே எம்மிடம் வரும். யாழ்ப்பாணத்தில் அதைச் சோளகம் என்பர். மட்டக்களப்பில் அக்காலத்தில் மேற்கிலிருந்து வரும் சூடான காற்றைக் கச்சான் என்பர். மழை இல்லாததோடு, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் இக்காற்று உறிஞ்சிவிடும்.

இனி இதை மாட்டின் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

ஐப்பசி: முதல் மழை விழுந்து நிலம் பச்சை பிடிக்கிறது. ஆனால் இது ஏமாற்றும் பச்சை. பழைய காய்ந்த புல் மழையில் நனைந்து அழுகிப்போகும். புதுப்புல்லோ விரற்கடை உயரந்தான். அதில் நீரே அதிகம். மாடு நாள் முழுதும் நடந்து நடந்து கடித்தாலும் வயிறு நிறையாது. சிலவற்றுக்குக் கழிச்சலும் பிடிக்கும். வயல்களில் விதைப்புத் தொடங்குவதால் அங்கேயும் மாடு போக முடியாது. ஆண்டின் கடினமான வாரங்களில் இவையும் அடங்கும்.

கார்த்திகை, மார்கழி: புல் வேகமாக வளர்கிறது. ஆனால் பள்ள நிலங்களில் வெள்ளம் நிற்கும். வயல்கள் பயிரோடு இருக்கும். மாட்டுக்கு மிஞ்சுவது மேட்டு நிலமும் காட்டோரமுமே. உலர்ந்த இடம் தேடி மாடுகள் இரவில் தார் வீதியில் படுத்து, வாகனங்களில் அடிபடுவதும் இக்காலத்தில்தான்.

தை, மாசி: புல் மிகுந்திருக்கும் காலம். பாலும் கூடும். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிய, வயல்கள் மாட்டுக்குத் திறக்கும். அரிதாளும் வரம்புப் புல்லும் சிந்திய கதிரும் கிடைக்கும். வைக்கோலும் இப்போதுதான் கிடைக்கும்.

சித்திரை, வைகாசி: சித்திரை மழை பெய்தால் புல் இன்னொரு முறை தளிர்க்கும். பொய்த்தால் கோடை ஒரு மாதம் முந்தித் தொடங்கிவிடும். நீர்ப்பாசனம் உள்ள இடங்களில் சிறுபோக விதைப்புக்காக வயல்கள் மறுபடி மூடப்படும்.

ஆனி, ஆடி: மேட்டுப் புல் காய்ந்துவிடும். குளங்களில் நீர் இறங்க இறங்க அலைகரையில் புதுப்புல் வளையம் வளையமாக எழும். கோடையின் முற்பகுதியைத் தாங்குவது இந்த அலைகரைப் புல்தான்.

ஆவணி, புரட்டாதி: சிறு குளங்கள் வற்றிவிடும். அலைகரையும் காயும். புல்லும் இல்லை, தண்ணீரும் தூரம். மாடு மெலியும், பால் வற்றும், சினைப் பசு கன்று போடும்.

ஆக, ஆடி நடுப்பகுதி முதல் ஐப்பசி நடுப்பகுதி வரை ஏறக்குறைய நூறு நாட்கள் பஞ்ச நாட்கள். மாடு வைத்திருக்கும் குடும்பத்தின் கணக்கெல்லாம் இந்த நூறு நாளை வைத்தே போடப்பட வேண்டும்.

இடத்துக்கு இடம் வேறுபாடு

மேலே சொன்னது பொதுவான படம். மாவட்டத்துக்கு மாவட்டம் அது மாறும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை விழுகிறது. சுண்ணாம்புக் கல்லின் மேல் மண் ஆழமில்லாத இடங்களில் நீர் விரைவில் இறங்கிவிடும். மழை நின்ற சில வாரங்களில் புல் வாடும். கரையோரத்திலும் தீவுகளிலும் உள்ள தரவைகள் மாரியில் நல்ல மேய்ச்சல் நிலம். கோடையில் உப்புப் பூத்துக் கிடக்கும். பெரிய குளங்கள் இல்லாததால் அலைகரைப் புல்லும் இல்லை. இதனாலேயே குடாநாட்டவர் ஒன்றிரண்டு மாடுகளைக் கட்டிவைத்து, தோட்டத்தில் பிடுங்கிய புல்லும், கிழித்த பனையோலையும், பிண்ணாக்கும் கொடுத்து வளர்த்தார்கள். கிணற்றுநீர் உள்ளதால் கோடையிலும் ஒரு சிறு துண்டுப் பசும்புல்லை அங்கே வைத்திருக்க முடியும்.

வன்னியில் மழை சற்றுக் கூட. சித்திரை மழையும் குடாநாட்டைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். காடும் குளமும் வயலும் அடுத்தடுத்து இருப்பதால், ஒரு நிலம் மூடும்போது இன்னொன்று திறக்கும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களின் அலைகரை, சிறு குளங்கள் காய்ந்த பின்னும் சில வாரங்கள் பச்சையாக இருக்கும். பட்டி மாடு வளர்ப்பு இங்கே தழைத்ததற்கு இதுவே காரணம்.

மன்னார் நாட்டின் மிக வரண்ட பகுதிகளில் ஒன்று. ஆண்டு மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீற்றர். பஞ்ச நாட்கள் இங்கே நூறைத் தாண்டும். கட்டுக்கரைக் குளத்தின் அலைகரையும், அறுவடை முடிந்த வயலும் இல்லாவிட்டால் மாடுகள் தாங்கமாட்டா. தெற்கே புத்தளத்தில் சித்திரை மழை கணிசமாகக் கிடைப்பதால் கோடை சற்றுப் பிந்தித் தொடங்கும். 1990ஆம் ஆண்டு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து, பின்னர் திரும்பிய குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு கைகண்ட பாடம்.

மட்டக்களப்பில் மழை ஏறக்குறைய 1,650 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் மழை உச்சம் பெறுவது நவம்பரில், மட்டக்களப்பில் டிசெம்பரில். ஜனவரியிலும் நன்றாகப் பெய்யும். அதனால் பச்சை நிற்கும் காலமும் பிந்தித்தான் முடியும். ஆனால் படுவான்கரையில் வயல் பரப்பு பெரியது. காலபோக விதைப்போடு பெருந்தொகையான மாடுகளை ஒரே நேரத்தில் வயல் நிலத்தை விட்டு வெளியேற்ற வேண்டும். அவை மேற்கேயுள்ள காட்டோர மேய்ச்சல் நிலங்களுக்குப் போகும். அறுவடை முடிய வயலுக்குத் திரும்பும். வடமேற்கே மகாவலி வெள்ளம் பாயும் தாழ்நிலங்களிலுள்ள வில்லுகளில், நீர் வடிந்தபின் கோடையில் நல்ல புல் எழும்.

மலைநாட்டின் மேற்குச் சரிவிலோ எல்லாம் எதிர்மாறு. நமக்குப் பஞ்சமான ஆனியிலும் ஆடியிலும் அங்கே மழை கொட்டும். தேயிலைத் தோட்டத்துக் கான் ஓரங்களில் புல் அறுத்துப் பசு வளர்க்கலாம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலைநாட்டிலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல. புல் அறுத்துக் கொட்டிலில் போட்டு வளர்க்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. ஆனால் அவர்கள் அறிந்த புல்லின் மாதங்கள் வன்னியில் செல்லுபடியாகவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனவர்களுக்கும் இதே நிலைதான். ஒன்றிரண்டு கட்டு மாடு வளர்த்துப் பழகியவர்களுக்குப் பட்டி மேய்க்கும் பாதை தெரிய நியாயமில்லை. பாதை அறிந்த வன்னி மக்களோ 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாம்களுக்குப் போக நேர்ந்தது. திரும்பி வந்தபோது பல இடங்களில் பழைய பாதையின் குறுக்கே வேலி நின்றது, அல்லது பற்றை வளர்ந்திருந்தது.

பட்டி நடந்த பாதை

இதுவரை சொன்னதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை தெளிவாகும். நமது பகுதிகளில் எந்த ஒரு நிலமும் பன்னிரண்டு மாதமும் மாட்டைத் தாங்காது. வயல் மூன்று மாதம், காட்டோரம் நாலு மாதம், அலைகரை இரண்டு மூன்று மாதம் என்று பல நிலங்கள் சேர்ந்தே ஓர் ஆண்டைத் தாங்கின. சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தால் மற்ற வளையங்கள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை.

அலைகரையில் ஒருவர் நெல் விதைத்தால், அவருக்குச் சில மூடை நெல் கிடைக்கும். ஊரின் மாடுகளுக்கோ ஆனி, ஆடி மாதத் தீனி இல்லாமற் போகும். மட்டக்களப்பின் மேற்கு எல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் நிலங்களில் வெளியிலிருந்து வந்தோர் பயிர்செய்யத் தொடங்கியதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அந்த நிலம் இல்லாவிட்டால் காலபோக மாதங்களில் மாடுகள் போவதற்கு இடமில்லை. வயலில் இறங்கினால் கமக்காரரோடு சண்டை. வீதிக்கு வந்தால் கட்டாக்காலி என்று பிடித்து அடைப்பார்கள்.

எத்தனை மாடு வைத்திருக்கலாம்?

இடம்பெயர்ந்த குடும்பம் மாடு வாங்கும்போது, அல்லது உதவித் திட்டத்தில் மாடு பெறும்போது, முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. தை மாதத்துப் புல்லைப் பார்த்து இதற்கு விடை சொல்லக் கூடாது. புரட்டாதியை நினைத்துச் சொல்ல வேண்டும்.

கணக்கு எளிது. நாட்டுப் பசு ஒன்று ஏறக்குறைய 200 கிலோ நிறை என்று கொள்வோம். அது நாளொன்றுக்குத் தன் நிறையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு உலர் தீனி, அதாவது 5 கிலோ, தின்ன வேண்டும். பசும்புல்லில் ஐந்தில் நாலு பங்கு நீர். எனவே பசும்புல்லாயின் 25 கிலோ வேண்டும். வைக்கோலாயின் ஐந்தரைக் கிலோ.

பஞ்ச நாட்கள் நூறு. அந்த நாட்களில் தீனியில் பாதியை மேய்ச்சலிலும் குழையிலும் தேடிக்கொள்ளலாம், மற்றப் பாதியை வைக்கோலாகக் கொடுப்போம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மாட்டுக்கு 275 கிலோ வைக்கோல் கையிருப்பில் வேண்டும். ஒரு ஏக்கர் வயலில் விளையும் வைக்கோல், நெல்லின் நிறைக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். 1,500 கிலோ நெல் விளைந்த ஏக்கரின் வைக்கோல் முழுவதையும் சேர்த்தால், ஐந்து மாடுகளின் பஞ்ச நாட்களைக் கடத்தலாம். வயல் இல்லாத குடும்பம், வைக்கோல் எங்கே வாங்குவது என்று நிச்சயப்படுத்திய பின்பே மாட்டை வாங்குவது நல்லது.

கணக்கில் மூன்று மாட்டுக்குத்தான் வசதி என்று வந்தால், ஐந்து மாடு வைத்திருப்பவர் இரண்டைச் சித்திரைக்கு முன், மாடு கொழுத்து நல்ல விலை போகும்போதே விற்றுவிட வேண்டும். புரட்டாதியில் எலும்பும் தோலுமாக நிற்கும் மாட்டுக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. மூன்று மாடு நன்றாகத் தின்றால், ஐந்து மாடு பட்டினி கிடந்து தரும் பாலைவிடக் கூடுதலான பால் தரும். நேரத்துக்குக் கன்றும் போடும்.

பஞ்ச நாட்களுக்குச் சேமித்தல்

வைக்கோல்: அறுவடை இயந்திரம் வயலில் சிதறிவிட்டுப் போகும் வைக்கோலைப் பலர் எரித்துவிடுகிறார்கள். அது ஆவணி மாதத்துப் பாலை மாசியில் எரிப்பதற்குச் சமம். சித்திரை மழைக்கு முன் அதை வாரி, மேட்டில் கட்டை அடுக்கி, அதன்மேல் போராக வைத்து, ஓலையாலோ படங்காலோ மூட வேண்டும். நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது.

வைக்கோலில் புரதம் 4 பங்குதான். தனி வைக்கோல் உயிரைக் காக்கும், பால் தராது. அதை ஊட்டமாக்க யூரியா உதவும். 10 கிலோ வைக்கோலுக்கு 400 கிராம் யூரியாவை 10 லீற்றர் நீரில் கரைத்து, வைக்கோலைப் படை படையாக வைத்துத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாதபடி பொலித்தீனால் மூடி 10 நாள் வைக்க வேண்டும். திறந்தபின் மணம் தணியச் சிறிது நேரம் பரப்பி வைத்து, முதலில் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்க வேண்டும். அளவு கூடக் கூடாது. கரைத்த நீரை மாடு குடித்தால் இறந்துவிடும். வாளியைக் கவனமாக வையுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். முதன்முறை செய்யும்போது கால்நடை வைத்திய அலுவலகத்து உத்தியோகத்தரை வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

குழை: 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது யூரியா கிடைக்காமற் போனதை நாம் மறக்க முடியாது. காசில்லாமல் கிடைக்கும் புரதம் வேலியில் இருக்கிறது. சீமைக்கிளுவை இலையில் புரதம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல். இதன் வேர் ஆழமாக இறங்குவதால் புல் காய்ந்த பின்னும் இலை நிற்கும். ஐப்பசி மழையோடு கதியால் நட்டால் பிடித்துவிடும். பூக்க முன் வெட்டி வந்தால் கோடையில் தளிர் கிடைக்கும். மணத்துக்கு மாடு முகம் திருப்பினால், ஒரு நாள் வாடவிட்டு வைக்கோலோடு கலந்து கொடுங்கள். இப்பிலிப்பிலும் நல்லது, ஆனால் அது தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படக் கூடாது. மேற்பட்டால் மயிர் உதிரும். பூவரசு, முள்முருக்கு, வாதநாராயணி, ஆல், பலா இலை என்பனவும் உதவும். பனையுள்ள இடத்தில் ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தை மாடு விரும்பித் தின்னும். காணி மிகக் குறைந்த குடும்பத்துக்கு மாட்டைவிட ஆடு பொருத்தம். ஆடு புல்லைவிடக் குழையையே விரும்பும்.

புல் துண்டு: கிணற்றடியில், குளிக்கும் நீரும் கழுவும் நீரும் ஓடும் இடத்தில், கினிப்புல்லோ நேப்பியர் இனப் புல்லோ ஒரு சிறு பாத்தி நடலாம். மாட்டெரு போட்டு, நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். அது ஒரு பட்டியைத் தாங்காது. ஆனால் கறவைப் பசுவுக்கும் கன்றுக்கும் நாளுக்கு ஒரு கட்டுப் பச்சை கிடைத்தால் அதன் பயன் பெரிது.

கோடையில் புல்லைத் தேடி அறியாத காட்டுக்குள் மாட்டைச் சாய்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குள் போகவே வேண்டாம். மாடு உள்ளே போய்விட்டாலும் பின்னால் போகாதீர்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மழை வந்தபின்னும் கவனம்

மழை வந்துவிட்டால் கஷ்டம் முடிந்தது என்று எண்ணுவது ஆபத்து. 2022 டிசெம்பர் 8, 9ஆம் திகதிகளில், வங்காள விரிகுடாவில் மான்டஸ் புயல் நின்ற வேளையில், கடும் குளிர்காற்றும் மழையும் வீசின. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடுகள் ஒரே தடவையில் இறந்தன. நோய் பரவிவிட்டதோ என்று மக்கள் அஞ்சினார்கள். குளிரின் தாக்கமே காரணம் என்று கால்நடை அதிகாரிகள் அறிவித்தார்கள்.

கோடையில் மெலிந்த மாட்டின் உடம்பில் கொழுப்பு இராது. வெட்டவெளியில் நனைந்து நிற்கும்போது உடம்பைச் சூடாக வைக்க அதற்கு வழியில்லை. வயிற்றில் வைக்கோல் சமிக்கும்போது உண்டாகும் சூடு மாட்டுக்குப் போர்வை போன்றது. நீர்த்த இளம்புல் அந்தளவு சூட்டைத் தராது. எனவே வைக்கோலில் ஒரு பங்கைக் கார்த்திகை, மார்கழிக்கும் மிச்சம் பிடியுங்கள். வாடைக்காற்றை மறைக்கும் பக்கமாகக் கிடுகாலாவது ஒரு தட்டி கட்டி, கன்றுகளையும் சினைப் பசுக்களையும் இரவில் அங்கே கட்டுங்கள். மாரி நோயாகிய தொண்டையடைப்பானுக்கு, மழைக்கு முன்பே தடுப்பூசி போடுவியுங்கள்.

பொதுத் தரையைக் காத்தல்

வீட்டில் எவ்வளவு சேமித்தாலும் ஊருக்கு மேய்ச்சல் தரை வேண்டும். இது தனிக் குடும்பத்தால் ஆகிற காரியமல்ல.

காலபோகம் தொடங்குமுன் கமக்காரர் கூட்டத்தில், வயலிலிருந்து மாட்டை அகற்ற வேண்டிய கடைசித் திகதியைத் தீர்மானிப்பார்கள். மாடு வைத்திருப்போரும் அக்கூட்டத்துக்குப் போக வேண்டும். "இத்திகதிக்குள் மாட்டை அகற்று" என்ற தீர்மானத்தோடு, "எங்கே கொண்டுபோவது, எந்த வழியால்?" என்ற கேள்விக்கும் விடை எழுதப்பட வேண்டும். மாட்டுப் பாதையும் அலைகரையும் பயிருக்கோ குடியிருப்புக்கோ அடைக்கப்படாதிருக்க, அவற்றின் எல்லையைக் கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்திருங்கள். வாய்ச்சொல்லில் மட்டும் உள்ள மேய்ச்சல் தரை, ஆட்கள் இல்லாத சில ஆண்டுகளுக்குள் இன்னொருவரின் வரைபடத்தில் ஏறிவிடும். இதை நாம் பட்டறிந்திருக்கிறோம்.

இடம்பெயர்ந்து வந்தோரும் ஊரிலே இருந்தோரும் இதில் ஒருவரை ஒருவர் பகைக்கத் தேவையில்லை. புதிதாக வந்த பத்துக் குடும்பங்களின் மாடுகள் ஒரே அலைகரையில் இறங்கினால் ஊராருக்குக் கோபம் வருவது இயல்பே. முன்கூட்டியே பேசி, மாட்டுத் தொகையையும் முறையையும் வகுத்துக்கொண்டால் சச்சரவு குறையும்.

உங்கள் ஊருக்கு ஒரு புல் நாட்காட்டி

கடைசியாக ஒரு வேலை. ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களையும் மேலே வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் சுற்றுவட்டாரத்து நிலங்களை எழுதுங்கள்: வயல், அலைகரை, காட்டோரம், தரவை, வீதியோரம், வீட்டு வேலி. எந்த நிலத்தில் எந்த மாதம் புல் உண்டு, எந்த மாதம் உள்ளே போகலாம், தண்ணீர் எங்கே உண்டு என்பதை ஊரின் மூத்தவர்களிடமும் மாடு மேய்க்கும் பிள்ளைகளிடமும் கேட்டு நிரப்புங்கள். புல் இருந்தும் போக முடியாத மாதத்தை ஒரு நிறத்தாலும், புல்லே இல்லாத மாதத்தை இன்னொரு நிறத்தாலும் தீட்டுங்கள். முதலாவது நிறம் ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்க்க வேண்டியது. இரண்டாவது நிறம் வைக்கோலாலும் குழையாலும் நிரப்ப வேண்டியது.

நிறம் விழாத மாதங்களை எந்த மாடும் தாண்டிவிடும். நிறம் விழுந்த மாதங்களைத் தாண்டத்தக்க தொகையே உங்கள் மாட்டுத் தொகை. நாளை சொந்தக் காணிக்குத் திரும்புவோரும் அங்கே போனவுடன் இதே வேலையைச் செய்யுங்கள். பல ஆண்டுகளாக ஆளில்லாது கிடந்த நிலம் பழைய நிலமாக இராது. அதன் புல்லையும் புதிதாகத்தான் அறிய வேண்டியிருக்கும்.